ஒரே சர்வரில் மூன்று தளம்: விர்ச்சுவல் ஹோஸ்ட் முன்னால் போடுவதா, பின்னாலும் போடுவதா?

முதலில் உங்கள் கேள்வியை என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன், தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். வேலூர் சத்துவாச்சாரி அலுவலகத்தில் உபுண்டு போட்ட ஒரே சர்வர், ஒரே பப்ளிக் ஐபி. அதில் மூன்று வாடிக்கையாளர்கள்: சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கம் இருக்கும் ஒரு லாட்ஜுக்கு ரூம் புக்கிங் தளம், அது அப்பாச்சியில் ஓடும் வேர்ட்பிரஸ்; ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்கு தோல் இருப்புக் கணக்கு, அது டாம்கேட்டில் ஜாவா; குடியாத்தத்தில் ஒரு பள்ளிக்கு ஃபீஸ் கட்டும் தளம், அது ஜாங்கோ. மூன்றுக்கும் முன்னால் என்ஜின்எக்ஸ் ரிவர்ஸ் பிராக்ஸியாக, அதாவது வரும் கோரிக்கையை முதலில் வாங்கிப் பின்னால் கடத்துகிற சர்வராக, நிற்கிறது. எந்த டொமைனை அடித்தாலும் லாட்ஜ் தளமே வருகிறது. எச்டிடிபிஎஸ் போட்டதும் லாட்ஜ் தளத்தின் அட்மின் பக்கம் சுற்றிச் சுற்றி ரீடைரக்ட் ஆகிறது. லாக்கில் எல்லா பார்வையாளரும் 127.0.0.1 (சர்வர் தன்னையே குறிக்கும் ஐபி) என்றே பதிவாகிறார்கள். "விர்ச்சுவல் ஹோஸ்ட்டை என்ஜின்எக்ஸில் மட்டும் போட்டால் போதுமா, பின்னால் அப்பாச்சியிலும் டாம்கேட்டிலும் மறுபடி போட வேண்டுமா?" என்பது நீங்கள் கேட்டது. விர்ச்சுவல் ஹோஸ்ட் என்றால், ஒரே சர்வரில் டொமைன் பெயரை வைத்துத் தளங்களைப் பிரிக்கும் ஏற்பாடு.

மூன்றும் தனித்தனிக் கோளாறு மாதிரி தெரிந்தாலும் வேர் ஒன்றுதான். வருகிறவர் எந்தப் பெயரைத் தேடி வந்தார், எச்டிடிபியில் வந்தாரா எச்டிடிபிஎஸ்ஸில் வந்தாரா, எந்த ஐபியிலிருந்து வந்தார் என்ற மூன்று தகவலும் முன்னால் நிற்கிற பிராக்ஸிக்குத்தான் தெரியும். அது சொன்னால்தான் பின்னால் இருக்கிற அப்ளிகேஷனுக்குத் தெரியவரும். உங்கள் பிராக்ஸி மூன்றையும் விழுங்கிவிட்டு, "நான்தான் வந்திருக்கிறேன்" என்று பின்னால் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒரே காம்பவுண்டுக்குள் மூன்று குடித்தனம் இருக்கும் வீட்டில் வாசல்காரர் வந்தவர் பெயரைச் சொல்லாமல் கதவை மட்டும் தட்டினால் என்ன ஆகுமோ, அதுதான் நடக்கிறது. வேலூர், ராணிப்பேட்டை பக்கம் பல வருடமாக இந்த மாதிரி சின்ன சர்வர்களைப் பார்த்து வருகிறேன். இந்தப் பிரச்சினையோடு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இந்த மூன்று தகவலைச் சரியாகக் கடத்தினாலே வேலை முடிந்துவிடுகிறது.

கொஞ்சம் பின்னணி தெரிந்தால் மீதி சுலபம். 1996-இல் எழுதப்பட்ட எச்டிடிபி 1.0 விதியில், "எந்தத் தளம் வேண்டும்" என்று பிரவுசர் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. பக்கத்தின் பாதையை மட்டும் கேட்டால் போதும். அதனால் ஒரு தளத்துக்கு ஒரு ஐபி என்பதுதான் வழக்கம். 1997-இல் வந்த 1.1 விதி, ஒவ்வொரு கோரிக்கையிலும் ஹோஸ்ட் ஹெட்டர் (எந்தத் தளம் வேண்டும் என்று சொல்லும் வரி) இருந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் 400 (தவறான கோரிக்கை) என்று திருப்பி அனுப்பு என்றது. பெயரை வைத்து ஒரே ஐபியில் எத்தனை தளம் வேண்டுமானாலும் நடத்த வழி செய்தது இந்த ஹெட்டர்தான். ஆனால் எச்டிடிபிஎஸ்ஸில் ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. ஹெட்டர் வருவதற்கு முன்பே சர்டிஃபிகேட்டைக் காட்டியாக வேண்டும், எந்தப் பெயருக்கான சர்டிஃபிகேட் என்று சர்வருக்கு எப்படித் தெரியும்? இணைப்பு தொடங்கும்போதே பிரவுசர் பெயரைச் சொல்லிவிடும் எஸ்என்ஐ என்ற ஏற்பாடு 2003-இல் விதியாக வந்தது. ஆகவே உங்கள் சர்வரில் பெயர் இரண்டு இடத்தில் பார்க்கப்படுகிறது, ஒரு முறை எஸ்என்ஐயில், இன்னொரு முறை ஹோஸ்ட் ஹெட்டரில். பூட்டு உடைந்த மாதிரி காட்டுவதும் தளம் மாறி வருவதும் சில நேரம் சேர்ந்தும் சில நேரம் தனித்தனியாகவும் நடப்பது இதனால்தான்.

சரி, முதல் கோளாறு. எந்தப் பெயரை அடித்தாலும் லாட்ஜ். என்ஜின்எக்ஸ் ஒரு கோரிக்கையை எடுத்துக்கொண்டதும் முதலில் பெயரைப் பார்ப்பதில்லை. எந்த ஐபிக்கும் போர்ட்டுக்கும் வந்தது என்று பார்த்து, அந்த ஐபி-போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்கும் சர்வர் பிளாக்குகளை (கான்ஃபிக்கில் ஒரு தளத்துக்கான பகுதி) மட்டும் எடுத்துக்கொள்ளும். அவற்றுக்குள்தான் பெயர்ப் பொருத்தம்: முழுப் பெயர் அப்படியே பொருந்துகிறதா, இல்லையென்றால் நட்சத்திரத்தில் தொடங்கும் பெயர்களில் நீளமானது, அப்புறம் நட்சத்திரத்தில் முடிவது, கடைசியாக ரெஜெக்ஸ் எனும் வடிவப் பொருத்தம். எதுவும் பொருந்தவில்லை என்றால் பிழை காட்டாது. 'டீஃபால்ட்_சர்வர்' என்று குறித்த பிளாக்குக்கு, அப்படி எதையும் குறிக்கவில்லை என்றால் முதலில் படித்த பிளாக்குக்குக் கொடுத்துவிடும். 'சைட்ஸ்-எனேபிள்ட்' ஃபோல்டரில் இருக்கும் ஃபைல்கள் அகர வரிசையில்தான் படிக்கப்படும், அதனால் உங்கள் லாட்ஜ் ஃபைலின் பெயர் வரிசையில் முதலாவதாக இருந்தால், பெயர் பொருந்தாத எல்லாமே அங்கே போய் விழும். லாட்ஜ் தளம் வருகிறது என்பதற்கு அர்த்தம், "மற்ற இரண்டு பெயரும் எங்கேயும் பொருந்தவில்லை" என்பதே. லாட்ஜ் கான்ஃபிக்கைத் தோண்டுவது வீண்வேலை.

பொருந்தாமல் போவதற்கான காரணம் எது என்று உங்கள் கான்ஃபிக்கைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் நான் தேடும் வரிசையைச் சொல்கிறேன். 'என்ஜின்எக்ஸ் -டி' என்று பெரிய எழுத்து டி போட்டு ஓட்டினால், உண்மையில் எந்தெந்த ஃபைலைப் படிக்கிறது என்று மொத்தமாகக் கொட்டும். அதில் பள்ளி டொமைன் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், 'சைட்ஸ்-அவைலபிள்' ஃபோல்டரில் எழுதிவிட்டு 'எனேபிள்ட்' பக்கம் சிம்லிங்க் (அந்த ஃபைலைச் சுட்டும் இணைப்பு) போடவில்லை என்று அர்த்தம். இருக்கிறது என்றால் 'லிசன்' வரியைப் பாருங்கள். லாட்ஜ் பிளாக்கில் யாரோ ஐபியோடு சேர்த்து லிசன் போட்டு, மற்ற இரண்டில் வெறும் 80 என்று மட்டும் போட்டிருந்தால், அந்த ஐபிக்கு வரும் எல்லாம் லாட்ஜுக்கே போகும், பெயர்ப் பொருத்தத்தில் மற்ற இரண்டும் போட்டிக்கே வராது. கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியும், ஆனால் வேலை செய்யாது. மணிக்கணக்கில் நேரத்தைத் தின்னும் இடம் இது. அப்புறம், 80-க்கு மட்டும் பிளாக் எழுதிவிட்டு 443-க்கு எழுதாமல் விட்டிருப்பது, டபிள்யூடபிள்யூடபிள்யூ போட்ட பெயரை எழுதி, போடாத பெயரை விட்டுவிடுவது, டிஎன்எஸ்ஸில் (டொமைனுக்கு எந்த ஐபி என்று சொல்லும் பதிவு) ஐபிவி6 முகவரி இருக்க, கான்ஃபிக்கில் ஐபிவி6-க்கு லிசன் இல்லாமல் போவது. கடைசியாகச் சொன்னதுதான் "என் ஜியோ போனில் வேற தளம் வருது, ஆபீஸில் சரியா வருது" என்று ஆட்களைக் குழப்பும்.

இதோடு ஒரு காரியம் செய்துவிடுங்கள்: எந்த வாடிக்கையாளருக்கும் சொந்தமில்லாத ஒரு டீஃபால்ட் பிளாக். 80-இல் 'ரிட்டர்ன் 444' என்று ஒரே வரி போதும், பதிலே சொல்லாமல் இணைப்பை அறுத்துவிடும். 443-க்கு 'எஸ்எஸ்எல்_ரிஜெக்ட்_ஹேண்ட்ஷேக் ஆன்' போடலாம், என்ஜின்எக்ஸ் 1.19.4 முதல் இது உண்டு. பப்ளிக் ஐபியை நேரடியாகத் தட்டுகிற தானியங்கி நிரல்கள் நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும், அவற்றுக்கெல்லாம் லாட்ஜ்காரர் தளத்தைத் திறந்துகாட்ட வேண்டிய அவசியம் இல்லை. அதைவிட முக்கியம், நாளைக்கு நான்காவது டொமைனை டிஎன்எஸ்ஸில் சேர்த்துவிட்டு கான்ஃபிக் எழுத மறந்தால், தவறான தளம் வருவதற்குப் பதிலாக எதுவுமே வராது. வாடிக்கையாளர் ஒருவருடைய டொமைனில் இன்னொருவர் தளம் வருவதைவிட ஒன்றும் வராமல் இருப்பது ஆயிரம் மடங்கு மேல்.

இனி பின்னால் போகும் தகவல். என்ஜின்எக்ஸில் 'பிராக்ஸி_பாஸ்' என்று 127.0.0.1:8080-ஐக் காட்டி வேறொன்றும் எழுதவில்லை என்றால், அது பின்னால் அனுப்பும் ஹோஸ்ட் ஹெட்டர் அந்த 127.0.0.1:8080 தான், பார்வையாளர் அடித்த டொமைன் அங்கேயே தொலைந்துவிடும். அதனால் பின்னால் அப்பாச்சியில் எவ்வளவு அழகாக விர்ச்சுவல் ஹோஸ்ட் எழுதியிருந்தாலும் எந்த 'சர்வர்நேம்' வரியோடும் பொருந்தாது. அப்பாச்சியும் என்ஜின்எக்ஸ் போலவே, பொருந்தாததை முதல் விர்ச்சுவல் ஹோஸ்ட்டுக்குக் கொடுத்துவிடும். மருந்து ஒரே வரி: 'பிராக்ஸி_செட்_ஹெட்டர் ஹோஸ்ட் $ஹோஸ்ட்'. சிலர் '$எச்டிடிபி_ஹோஸ்ட்' போடுவார்கள். பார்வையாளர் அனுப்பியதை எழுத்து மாறாமல் போர்ட்டோடு தருவது அது. '$ஹோஸ்ட்' சின்ன எழுத்தாக்கி போர்ட்டை நீக்கித் தரும், ஹோஸ்ட் ஹெட்டர் வராத போதும் காலியாக இருக்காது. 80, 443 தவிர வேறு போர்ட்டில் தளம் நடத்தினால்தான் இரண்டுக்கும் வித்தியாசம் உறைக்கும், உங்களுக்கு '$ஹோஸ்ட்' போதும். முன்னால் என்ஜின்எக்ஸுக்குப் பதிலாக அப்பாச்சியே பிராக்ஸியாக நின்றால் இதே வேலைக்கு 'பிராக்ஸிபிரிசர்வ்ஹோஸ்ட் ஆன்' என்று எழுத வேண்டும், எழுதாவிட்டால் அது ஆஃப்தான்.

ஆக, நீங்கள் கேட்ட கேள்விக்கு நேர் பதில்: பின்னால் இருக்கும் ஒரு போர்ட்டில் ஒரே ஒரு அப்ளிகேஷன்தான் ஓடுகிறது என்றால் அங்கே விர்ச்சுவல் ஹோஸ்ட் தேவையில்லை. ஜாங்கோ 8000-இல் தனியாக, டாம்கேட் 8081-இல் தனியாக என்றால் பெயர் பிரிக்கும் வேலை முன்னாலேயே முடிந்துவிட்டது. அதே அப்பாச்சியில் நாளைக்கு இன்னொரு லாட்ஜின் வேர்ட்பிரஸ்ஸையும் ஏற்றப் போகிறீர்கள், இரண்டுக்கும் ஒரே 8080 என்றால், அங்கே பெயர் மறுபடி பிரிக்கப்பட வேண்டும். 'சர்வர்நேம்' கட்டாயம், முன்னாலிருந்து சரியான ஹோஸ்ட் வருவதும் கட்டாயம். டாம்கேட்டில் 'ஹோஸ்ட்' என்ற எலிமென்ட்டைப் பார்த்து அதையும் டொமைன் பெயராக மாற்ற வேண்டுமோ என்று பயப்படாதீர்கள். ஒரே அப்ளிகேஷன் இருக்கும்வரை 'டீஃபால்ட்ஹோஸ்ட்' அதைப் பார்த்துக்கொள்ளும். என் விருப்பத்தைக் கேட்டால், அப்ளிகேஷனுக்கு ஒரு போர்ட், பெயர் பிரிப்பது முன்னால் ஒரே இடத்தில். இரண்டு இடத்தில் டொமைன் பெயரை எழுதி வைத்தால், டொமைன் மாறும் அன்றைக்கு ஒரு இடத்தை மறந்தே தீருவோம்.

இந்த ஹெட்டர் வரிகளில் ஒரு கண்ணி இருக்கிறது, தனியாகச் சொல்ல வேண்டியது. 'பிராக்ஸி_செட்_ஹெட்டர்' வரிகளை மேலே சர்வர் பிளாக்கில் நான்கைந்து எழுதியிருப்பீர்கள். பிறகு ஒரு லொகேஷனுக்குள் (தளத்தின் ஒரு பாதைக்கான பகுதி), வெப்சாக்கெட்டுக்காகவோ வேறெதற்காகவோ, ஒரே ஒரு 'பிராக்ஸி_செட்_ஹெட்டர்' சேர்ப்பீர்கள். அந்த நிமிடமே மேலே எழுதிய எல்லாமே அந்த லொகேஷனுக்குப் பொருந்தாமல் போய்விடும். உள்ளே ஒன்றுகூட இல்லையென்றால்தான் மேலே இருப்பது இறங்கி வரும், ஒன்று இருந்தாலும் கிடையாது. "நேற்று வரைக்கும் ஓடிச்சு சார், நோட்டிஃபிகேஷன் சேர்த்ததும் லாகின் போச்சு" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஹெட்டர் வரிகளை ஒரு தனி ஃபைலில் வைத்து, பிராக்ஸி_பாஸ் இருக்கும் ஒவ்வொரு லொகேஷனுக்குள்ளும் 'இன்க்ளூட்' செய்வதுதான் நான் செய்வது. பார்க்க அழகாக இருக்காது, ஆனால் யார் தொட்டாலும் உடையாது.

இரண்டாவது கோளாறு, அட்மின் பக்கம் சுற்றுவது. பூட்டுப் போட்ட இணைப்பு என்ஜின்எக்ஸ் வரைக்கும்தான், அதிலிருந்து அப்பாச்சிக்குப் போவது சாதா எச்டிடிபி. வேர்ட்பிரஸ்ஸின் தள முகவரியை எச்டிடிபிஎஸ் என்று மாற்றியதும், அட்மின் பக்கத்துக்கு வருகிறவர் எச்டிடிபிஎஸ்ஸில்தான் வர வேண்டும் என்று அது எதிர்பார்க்கும். வந்ததைப் பார்க்கிறது, எச்டிடிபி. "எச்டிடிபிஎஸ்ஸில் வா" என்று திருப்பி அனுப்புகிறது. பிரவுசர் ஏற்கெனவே எச்டிடிபிஎஸ்ஸில்தான் இருக்கிறது, மறுபடி வருகிறது, என்ஜின்எக்ஸ் மறுபடி சாதாவாக அனுப்புகிறது, வேர்ட்பிரஸ் மறுபடி திருப்புகிறது. கடைசியில் பிரவுசரே சலித்துப்போய் நிறுத்திக்கொள்ளும். இதற்கு மருந்து: முன்னால் என்ஜின்எக்ஸில் 'எக்ஸ்-ஃபார்வேர்டட்-புரோட்டோ' என்ற ஹெட்டரில் '$ஸ்கீம்' அனுப்ப வேண்டும், பின்னால் வேர்ட்பிரஸ்ஸின் கான்ஃபிக் ஃபைலில், அந்த ஹெட்டர் எச்டிடிபிஎஸ் என்று சொன்னால் பிஎச்பியின் சர்வர் மாறியில் 'எச்டிடிபிஎஸ்' என்பதை 'ஆன்' ஆக்கு என்று ஒரு நிபந்தனை எழுத வேண்டும். அந்த நிபந்தனை ஃபைலின் கடைசியில் 'செட்டிங்ஸ்' ஃபைலை அழைக்கும் வரிக்கு மேலே இருக்க வேண்டும், கீழே எழுதினால் காலம் கடந்துவிடும்.

இது ஏறக்குறைய நிச்சயம், ஆனால் முழு நிச்சயம் இல்லை. டிஎன்எஸ்ஸை கிளவுட்ஃபிளேர் என்ற இடைச் சேவையில் வைத்து, அங்கே 'ஃபிளெக்சிபிள்' என்ற முறையைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் இதே மாதிரிதான் சுற்றும். அங்கே அவர்களிடமிருந்து உங்கள் சர்வருக்கே சாதா எச்டிடிபியில் வரும், என்ஜின்எக்ஸ் அதை எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பும், முடிவே இராது. இரண்டில் எது என்று கண்டுபிடிக்க, சர்வரில் உட்கார்ந்துகொண்டே 'கர்ல் -ஐ' கட்டளையை '--ரிசால்வ்' ஆப்ஷனோடு ஓட்டி, லாட்ஜ் டொமைனின் 443 என்பதை 127.0.0.1 என்று காட்டி, அட்மின் முகவரியைக் கேளுங்கள். அப்படிக் கேட்டும் அதே முகவரிக்கே 'லொகேஷன்' ஹெட்டர் வந்தால் கோளாறு உங்கள் சர்வருக்குள், மேலே சொன்ன நிபந்தனைதான் மருந்து. லாகின் பக்கத்துக்கு ஒழுங்காக அனுப்பினால் வெளியே இருக்கும் சேவையில். முறையை 'ஃபுல் ஸ்ட்ரிக்ட்' ஆக மாற்றுங்கள். இந்தச் சோதனையை பிரவுசரில் செய்யாதீர்கள். 301-ஐ பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்ளும், நீங்கள் சரிசெய்த பிறகும் பழையபடியே சுற்றிக் காட்டி உங்களைப் பைத்தியம் ஆக்கும். எல்லாம் நிலைப்படும் வரைக்கும் ரீடைரக்டை 302-ஆக வைத்திருப்பது நல்லது, எச்எஸ்டிஎஸ் (இனி எச்டிடிபிஎஸ்ஸில் மட்டுமே வா என்று பிரவுசருக்குச் சொல்லும் ஹெட்டர்) பக்கமே போகாதீர்கள்.

இதே ஹெட்டரை டாம்கேட்டும் ஜாங்கோவும் புரிந்துகொள்ள வேண்டும். டாம்கேட்டின் சர்வர் எக்ஸ்எம்எல் ஃபைலில் 'ரிமோட்ஐபிவால்வ்' சேர்த்து, அதில் புரோட்டோகால் ஹெட்டரின் பெயரையும் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். ஐபி, எச்டிடிபிஎஸ் இரண்டும் ஒரே இடத்தில் சரியாகும். இல்லையென்றால் ஷூ கம்பெனி ஆட்கள் லாகின் செய்ததும் எச்டிடிபி முகவரிக்குத் தூக்கிப் போடும். ஜாங்கோவில் 'செக்யூர்_பிராக்ஸி_எஸ்எஸ்எல்_ஹெட்டர்'. ஜாங்கோ 4.0 அல்லது அதற்கு மேல் என்றால் 'சிஎஸ்ஆர்எஃப்_டிரஸ்டட்_ஆரிஜின்ஸ்' பட்டியலில் டொமைனை எச்டிடிபிஎஸ் முன்னொட்டோடு எழுத வேண்டும், முன்பு போல் வெறும் பெயர் செல்லாது. ஃபீஸ் கட்டும் படிவத்தை அனுப்பும்போது 403 (அனுமதி மறுப்பு) வந்தால் இங்கே பாருங்கள்.

ஜாங்கோவின் 'அலவ்ட்_ஹோஸ்ட்ஸ்' பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் உங்கள் கேள்வியிலேயே "நட்சத்திரம் போட்டதும் 400 போயிடுச்சு" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த 400 வந்ததற்கே காரணம், பெயருக்குப் பதில் 127.0.0.1:8000 போனதுதான். ஹோஸ்ட் ஹெட்டரைச் சரியாக அனுப்பியபின் நட்சத்திரத்தை எடுத்துவிட்டு பள்ளியின் டொமைனை மட்டும் எழுதுங்கள். பாஸ்வேர்டு மறந்தவர்களுக்குப் போகும் மெயிலில் உள்ள லிங்க் அந்த ஹோஸ்ட் ஹெட்டரை வைத்துத்தான் உருவாகிறது. ஒருவன் போலி ஹெட்டரோடு இன்னொருவர் பெயரில் "பாஸ்வேர்டு மறந்துவிட்டேன்" என்று கேட்டால், பள்ளியின் பெயரில் போகும் உண்மையான மெயிலில் அவனுடைய டொமைனுக்கு லிங்க் இருக்கும். பெற்றோர் பணம் கட்டும் தளத்தில் இந்த விளையாட்டு வேண்டாம்.

மூன்றாவது, 127.0.0.1. இதற்கு 'எக்ஸ்-ஃபார்வேர்டட்-ஃபார்'. முன்னால் '$பிராக்ஸி_ஆட்_எக்ஸ்_ஃபார்வேர்டட்_ஃபார்' என்ற மாறியை அனுப்பினால், ஏற்கெனவே அந்த ஹெட்டரில் வந்ததோடு பார்வையாளரின் ஐபியைக் கடைசியில் ஒட்டி அனுப்பும். இங்கே கவனம் தேவை. இடதுபுறம் இருப்பதை யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். கடைசியில் ஒட்டியது மட்டும்தான் உங்கள் என்ஜின்எக்ஸ் கண்ணால் பார்த்தது. முதல் ஐபியை எடுத்துக்கொள் என்று சொல்லும் நிரல் துண்டுகள் இணையம் முழுக்கக் கிடக்கின்றன, நம்பாதீர்கள். அப்பாச்சியில் 'மாட்_ரிமோட்ஐபி' போட்டு, நம்பத்தக்க பிராக்ஸி 127.0.0.1 மட்டும்தான் என்று எழுதி, லாக் வடிவத்தில் '%எச்' இருக்கும் இடத்தில் '%ஏ' என்று சின்ன எழுத்தில் மாற்றுங்கள்.

லாக்கில் என்ன எழுதியிருந்தால் என்ன என்று விட்டுவிட முடியாது. லாக்கைப் பார்த்துத் தப்பு செய்யும் ஐபியைத் தடுக்கும் ஃபெயில்2பேன் போட்டிருந்தால், தப்பான பாஸ்வேர்டு அடித்தவனைத் தடுப்பதாக நினைத்து அது 127.0.0.1-ஐத் தடுக்கப் பார்க்கும். தப்பான பாஸ்வேர்டு அடித்த ஐபியைப் பூட்டும் பிளகின் வேர்ட்பிரஸ்ஸில் இருந்தால் இன்னும் மோசம், ஒருவன் செய்த தப்புக்கு எல்லோரும் வெளியே. ஐபி சரியாக வந்தபின்னும் லாட்ஜ் தளத்தில் ஐபிக்கு இத்தனை கோரிக்கை என்று இறுக்கிப் பிடிக்காதீர்கள். வைத்தியத்துக்கு வந்து அந்தப் பக்கத்து லாட்ஜுகளில் தங்கியிருப்பவர்கள் ஒரே வைஃபையில் இருப்பார்கள், வெளியிலிருந்து பார்த்தால் எல்லோருக்கும் ஒரே ஐபி. மொபைல் இணைப்பிலும் ஒரு பப்ளிக் ஐபிக்குப் பின்னால் நிறைய பேர் இருப்பது சகஜம். கல்கத்தாவிலிருந்து வந்த குடும்பம் அடுத்த வாரத்துக்கு ரூம் நீட்டிக்கப் பார்க்கும் நேரத்தில், அதே மாடியில் வேறு யாரோ தட்டியதற்காக இவர்களுக்கு 429 (கோரிக்கை மிகுதி) காட்டக் கூடாது.

ஷூ கம்பெனித் தளத்தைத் தனி டொமைனாக வைக்காமல் உங்கள் டொமைனுக்குக் கீழே '/ஸ்டாக்' என்ற பாதையில் வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். முடியும், ஆனால் வேண்டாம். 'பிராக்ஸி_பாஸ்' முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு இருந்தால் '/ஸ்டாக்' பகுதியை வெட்டிவிட்டு அனுப்பும், சாய்கோடு இல்லையென்றால் அப்படியே அனுப்பும். இந்த ஒற்றைக் கோட்டுக்காக எத்தனை பேர் இரவு கண்விழித்திருக்கிறார்கள் என்று சொல்லி மாளாது. அதைச் சரிசெய்தாலும் டாம்கேட் தன் பக்கத்துக்குள் எழுதும் லிங்க், குக்கியின் பாதை எல்லாம் உள்ளே இருக்கும் பாதையை வைத்து வரும், ஒவ்வொன்றாகத் துரத்த வேண்டும். சப்டொமைன் ஒன்று போட்டு ஒரு சர்வர் பிளாக் எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை. பாதையில்தான் வைத்தாக வேண்டும் என்றால், டாம்கேட்டிலும் காண்டெக்ஸ்ட் பாதையை அதே '/ஸ்டாக்' ஆக வைத்து, வெட்டாமல் அனுப்புங்கள்.

சர்டிஃபிகேட் விஷயத்தில் ஒன்றிரண்டு. இலவச சர்டிஃபிகேட் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட்டின் சாதாரண சோதனை 80-ஆம் போர்ட்டில், '.வெல்-நோன்' பாதையில் வரும். அந்தப் பாதையை ஒவ்வொரு பிளாக்கிலும் பின்னால் அனுப்பாமல் என்ஜின்எக்ஸே பதில் சொல்லும்படி தனி லொகேஷன் வையுங்கள், இல்லையென்றால் ஜாங்கோ 404 சொல்லிவிடும். முதல் முறை வாங்கும்போது சரியாக இருந்து, புதுப்பிக்கும்போது தவறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 90 நாள் சர்டிஃபிகேட், மூன்று மாதம் கழித்து விடியற்காலையில் போன் வரும். ஒரே பெயருக்குத் திரும்பத் திரும்ப முயன்று தோற்றால் ஒரு மணி நேரத்துக்கு 5 தோல்வியோடு நிறுத்திவிடுவார்கள், ஆகவே சோதனைக்கு அவர்களுடைய ஸ்டேஜிங் சர்வரைப் பயன்படுத்துங்கள்.

சர்வர் அலுவலகத்திலேயே இருப்பதால் வரும் ஒரு குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும், விர்ச்சுவல் ஹோஸ்ட்டுக்குச் சம்பந்தமே இல்லாமல் பழி அதன் மேல் விழும். ராணிப்பேட்டையில் ஒரு டேனரி அலுவலகத்தில் பார்த்தது: வெளியே நின்று போனில் திறந்தால் தளம் பளிச்சென்று வருகிறது, உள்ளே வந்து அதே போனில் வைஃபை போட்டால் ரவுட்டரின் லாகின் பக்கம் வருகிறது. கணக்குப் பிள்ளை உள்ளே உட்கார்ந்து "தளம் ஹேக் ஆயிடுச்சு" என்கிறார். உள்ளிருந்து தன்னுடைய பப்ளிக் ஐபிக்கே போகும் பாக்கெட்டை அந்த ரவுட்டர் திருப்பி உள்ளே அனுப்பவில்லை, தனக்கு வந்ததாக எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். ரவுட்டரில் என்ஏடி லூப்பேக் வசதி இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் அலுவலக டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயர்களுக்கு உள் ஐபியைக் கொடுங்கள்.

502 வந்தால் பின்னால் அப்ளிகேஷன் எழவே இல்லை அல்லது போர்ட் தவறு; 504 வந்தால் எழுந்திருக்கிறது, 60 விநாடிக்குள் பதில் சொல்லவில்லை. பள்ளி ஆட்கள் ஸ்கேன் செய்த படம் ஏற்றும்போது 413 வந்தால் 'கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ்' ஒரு எம்பியிலேயே நிற்கிறது, உயர்த்துங்கள். பிராக்ஸி_பாஸ் வரியில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று எழுதாமல் 127.0.0.1 என்றே எழுதுங்கள், லோக்கல்ஹோஸ்ட் ஐபிவி6 பக்கம் போய் அங்கே யாரும் இல்லாமல் திரும்பும் வேடிக்கை உண்டு.

கடைசியாக, இவ்வளவும் செய்தபின் பின்கதவு திறந்திருந்தால் பிரயோஜனம் இல்லை. 8000, 8080, 8081 மூன்றும் 127.0.0.1-இல் மட்டும் கேட்கின்றனவா என்று 'எஸ்எஸ் -எல்டிஎன்பி' ஓட்டிப் பாருங்கள். எல்லா ஐபியிலும் கேட்டால், யார் வேண்டுமானாலும் என்ஜின்எக்ஸைத் தாண்டி நேராக வந்து, தானே எழுதிய எக்ஸ்-ஃபார்வேர்டட் ஹெட்டர்களைக் கொடுக்கலாம், உங்கள் அப்ளிகேஷன் அதை நம்பும். டாக்கரில் ஓட்டினால் இன்னும் கவனம்: போர்ட்டை வெறும் '8000:8000' என்று திறந்தால், யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் மூடியிருப்பதாகக் காட்டும்போதே டாக்கர் தன் போக்கில் வெளியே திறந்துவைக்கும். முன்னால் 127.0.0.1 சேர்த்து எழுதுங்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு சின்ன எழுத்து 'என்ஜின்எக்ஸ் -டி', அது சரி என்றால்தான் ரீலோட். கான்ஃபிக்கில் பிழை இருக்கும்போது ரீலோட் செய்தால் பழையதையே வைத்துக்கொண்டு ஓடும், நீங்கள் "மாத்தியும் மாறலையே" என்று உட்கார்ந்திருப்பீர்கள். அப்பாச்சிக்கு 'அப்பாச்சிசிடிஎல் -எஸ்', பெரிய எழுத்து எஸ். எந்தப் பெயர் எந்த ஃபைலில் எந்த வரியில் என்று பட்டியலே தரும். முதலில் டீஃபால்ட் பிளாக், அப்புறம் ஹெட்டர் ஃபைல், அப்புறம் வேர்ட்பிரஸ் நிபந்தனை என்ற வரிசையில் போங்கள், ஒரே நேரத்தில் மூன்றையும் மாற்றாதீர்கள். அட்மின் பக்கம் அப்போதும் சுற்றினால், அந்த கர்ல் தந்த முதல் வரியையும் 'லொகேஷன்' வரியையும் டொமைன் பெயரை மறைத்துவிட்டு இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.